ஆடுகளத்தில் மறைத்த பெயரைத் தொகுப்பில் சொல்லிவிடுங்கள்

அரிய மின்னிசையைத் தேடித் தொகுக்கும் டிஜேக்களுக்கும், அந்தத் தொகுப்புகளை வெளியிடும் லேபிள்காரர்களுக்கும் (இசைத்தட்டு நிறுவனத்தாருக்கும்),

வணக்கம். நான் சென்னையில் இருப்பவன். இசை என் தொழில் இல்லை. ஒரு டிராக்கைக்கூட உருவாக்கியதில்லை. நீங்கள் தேடிக் கோத்துத் தந்ததைப் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான். ஆனாலும் உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. அதற்கு ஒரு சிடியின் கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

2007-இல், லண்டனில் படிப்பு முடித்துவிட்டு வந்த என் பெரியம்மா மகன் எனக்கு ஒரு சிடி கொடுத்தார். கம்ப்யூட்டரில் பதிந்த வெற்று சிடி. அட்டை கிடையாது, பாட்டுப் பட்டியல் கிடையாது. மேலே மார்க்கர் பேனாவால் ஒரு சிரித்த முகம் மட்டும் வரைந்திருந்தது. அப்போது நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு. ராத்திரி ஹாஸ்டல் அறையில் எல்லோரும் படுத்த பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்பேன். ஒரு பழைய சோல் பாட்டு, அதாவது அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பாட்டு, வரும். அது முடிவதற்குள் அதன் அடியிலிருந்து மெஷின் தாளம் கிளம்பும். அதிலிருந்து வேகவேகமாகப் பேசும் லண்டன் பையன்கள். ஒரே சிடிக்குள் இத்தனை ஊர்கள் எப்படி அடங்கின என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

அதன் நடுவே ஒரு பாட்டு. உலோக நாக்குகளை யாரோ கட்டைவிரலால் மீட்டுவது போன்ற ஒலி. ஒன்றையொன்று துரத்தும் இரண்டு மூன்று இழைகள். கூடவே ஏதோ கிலுகிலுவென்று அதிர்ந்துகொண்டே இருக்கும். பின்னணியில் மனிதக் குரல்கள். அதை ஏதோ கீபோர்டு என்றுதான் நம்பினேன். அண்ணனிடம் கேட்டேன். "எனக்கும் தெரியாதுடா, ஒருத்தன் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எடுத்தது" என்றார். ஆறு வருடங்கள் அந்தப் பாட்டை அது யாருடையது என்றே தெரியாமல் கேட்டேன். 2013-இல் ஏதோ ஆவணப்படம் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒருவர் மடியில் மரப்பலகையை வைத்து, அதில் பொருத்திய இரும்புப் பட்டைகளை விரல்களால் தட்டிக்கொண்டிருந்தார். எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அது எம்பிரா. ஜிம்பாப்வேயின் ஷோனா மக்களுடைய கருவி. கிலுகிலுவென்று கேட்டது, பலகையில் கோத்த சிப்பிகளும் பாட்டில் மூடிகளும் அதிரும் சத்தம்.

அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு போனபோதுதான் சிடியும் எது என்று தெரிந்தது. அதன் பெரும்பகுதி, ஃபோர் டெட் என்ற பெயரில் இயங்கும் கீரன் ஹெப்டன் 2006-இல் தொகுத்த டிஜே கிக்ஸ். பெர்லினின் கே7 லேபிள் 1995 முதல் கொண்டுவரும் வரிசை அது. ஒவ்வொரு இசைத்தட்டுக்கும் ஒரு டிஜேயையோ கலைஞரையோ அழைத்து, அவருக்குப் பிடித்ததைக் கோத்துத் தரச் சொல்வார்கள். ஹெப்டன் சிகாகோவின் கர்ட்டிஸ் மேஃபீல்டையும் ஷெஃபீல்டின் காபரே வோல்டேரையும் டெட்ராய்ட்டின் மாடல் 500-ஐயும் லண்டனின் சோ சாலிட் க்ரூவையும் ஒரே பந்தியில் உட்கார வைத்திருந்தார். அந்தப் பந்தியில்தான் என் எம்பிரா பாட்டும் இருந்தது. பாட்டின் பெயர் தைரேவா. பாடியவர் யார் என்ற இடத்தில் இருந்தது இது: ரொடீசியாவின் ஷோனா மக்கள்.

ஆறு வருடம் தேடியவனுக்குக் கிடைத்த பதில் அது. அன்றைக்கு எனக்கு வந்த ஏமாற்றம் இன்னும் நினைவிருக்கிறது. மேஃபீல்டுக்குப் பெயர் இருக்கிறது. ஷெஃபீல்டுக்காரர்களின் குழுவுக்குப் பெயர் இருக்கிறது. இவர்களுக்கு மட்டும் ஓர் இனத்தின் பெயரும், 1980-லேயே ஜிம்பாப்வே ஆகி இல்லாமல் போன ஒரு நாட்டின் பெயரும். ஹெப்டனைக் குறை சொல்லவில்லை. அந்தப் பதிவு பால் பெர்லினர் என்ற அமெரிக்க ஆய்வாளர் செய்தது, 1973-இல் நான்சச் லேபிளில் வந்தது. இசைத்தட்டின் அட்டையிலேயே ஷோனா மக்களின் மரபு என்றுதான் போட்டிருந்தார்கள். ஆனால் அதே பெர்லினர் 1978-இல் எம்பிரா பற்றி எழுதிய புத்தகத்தில் தான் யார் யாரிடம் கற்றார் என்று பக்கம் பக்கமாகச் சொல்கிறார். காஸ்மஸ் மகாயா, எஃபாட் முஜுரு, ஜான் குனாகா, லூக்கன் பசிபமிரே, ஹகுரோட்வி மூடே. ஒவ்வொருவரும் எப்படி வாசிப்பார், எதற்காக வாசிப்பார், அவர் வீட்டில் யார் கற்றுக்கொடுத்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஆக, தகவல் இல்லாமல் இல்லை. ஒரு கை மாறி இன்னொரு கைக்கு வரும்போது வழியில் உதிர்ந்துபோனது.

உங்கள் தொழிலில் பெயரை மறைப்பது பழைய வழக்கம் என்று எனக்குத் தெரியும். ஐம்பதுகளில் ஜமைக்காவின் சவுண்ட் சிஸ்டம்காரர்கள், அதாவது பெரிய ஒலிபெருக்கிகளை வைத்து ஆட்டக் கூட்டம் நடத்தியவர்கள், அமெரிக்காவிலிருந்து வந்த தட்டுகளின் நடுவே பெயர் அச்சிட்டு ஒட்டியிருக்கும் லேபிளைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். அவர்களில் ஒருவரான காக்ஸன் டாட், அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் வில்லிஸ் ஜாக்சனின் ஒரு தட்டுக்கு "காக்ஸன் ஹாப்" என்று தன் பெயரையே வைத்து ஆண்டுக்கணக்கில் போட்டார். எதிராளி டியூக் ரீட் ஒருநாள் அதே தட்டைப் போட்டுக் காட்டியபோது காக்ஸன் மயங்கி விழுந்தார் என்று ஒரு கதை உண்டு. நியூயார்க்கின் பிராங்க்ஸில் டிஜே கூல் ஹெர்க் தட்டுகளைத் தண்ணீரில் ஊறவைத்து லேபிளை உரித்தெடுத்தார். இங்கிலாந்தில் விகன் கசினோவில் விடிய விடிய நார்தர்ன் சோல் என்று அரிய அமெரிக்க சோல் பாட்டுகளைப் போட்டவர்கள் லேபிள் மேல் வெள்ளைத்தாள் ஒட்டிப் பொய்ப்பெயர் எழுதினார்கள். மோட்டவுன் நிறுவனத்துக்காக ஃபிராங்க் வில்சன் 1965-இல் பாடிய ஒரு பாட்டு அங்கே எடி ஃபாஸ்டர் பாடியதாகத்தான் ஒலித்தது. அவர் பாடியது தெரியாமலேயே ஆயிரக்கணக்கான பேர் அவர் பாட்டுக்கு ஆடினார்கள்.

இதையெல்லாம் நான் தப்பென்று சொல்ல வரவில்லை. ஊரெல்லாம் அலைந்து, தூசி தின்று, கையில் இருந்த காசைக் கொட்டி ஒரு தட்டைக் கண்டுபிடிக்கிறீர்கள். அது என்னவென்று தெரிந்தால் அடுத்த வாரம் பக்கத்து ஹாலில் இருப்பவரும் போடுவார். கூட்டம் அங்கே போய்விடும். மறைத்ததில் வயிற்றுப்பாடு இருந்தது. எங்கள் பக்கத்துச் சமையற்காரர்கள் கூட மசாலாக் கணக்கைச் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் தொகுப்பு வேறு. தொகுப்பு என்று ஒன்றைப் போட்டு, அட்டையில் உங்கள் பெயரைப் பெரிதாக அச்சிட்டு, விலை வைத்து விற்கும்போது அந்த ரகசியத்தின் காலம் முடிந்துவிடுகிறது. இத்தனை வருடம் அந்தப் பாட்டு உங்களுக்கு உழைத்தது. இப்போது அதை உருவாக்கியவர் யார், எந்த ஊர், எந்த வருடம், என்ன கருவி, கூட யார் வாசித்தார்கள் என்று சொல்ல வேண்டிய நேரம். அதற்கு முன்னால் அவரையே போய்ப் பார்க்க வேண்டும். முதலில் ஆளைத் தேடுங்கள், அப்புறம் தட்டு அச்சிடுங்கள். நான் கேட்பது இதைத்தான்.

முடியாத காரியமா என்றால், முடியும் என்று உங்களில் சிலரே செய்து காட்டியிருக்கிறார்கள். பிரயன் ஷிம்கோவிட்ஸ் என்ற அமெரிக்கர் 2002-இல் கானாவின் கேப் கோஸ்ட் நகரில் தெருவில் ஒரு கேசட் வாங்கினார். அட்டா காக் என்பவரின் கேசட். கீபோர்டு, மெஷின் தாளம், அதற்கு மேல் டுவி மொழியில் தலைதெறிக்கும் வேகத்தில் ராப். 1994-இல் மிகச் சில பிரதிகளே போட்டு, யாரும் சீண்டாமல் போன கேசட் அது. ஷிம்கோவிட்ஸ் அதை இணையத்தில் ஏற்றியதும் உலகெங்கும் டிஜேக்கள் அதைப் போட ஆரம்பித்தார்கள். அவர் நினைத்திருந்தால் அப்போதே தட்டாக அச்சிட்டு விற்றிருக்கலாம். தட்டிக்கேட்க யாரும் இல்லை. ஆனால் வருடக்கணக்கில் அந்த ஆளைத் தேடினார். அட்டா காக்கின் முழுப்பெயர் யாவ் அட்டா-ஒவுசு. டொரன்டோவில் இருந்தபோது வீட்டிலேயே அதைப் பதிவு செய்துவிட்டு, பிறகு கானாவுக்கே திரும்பிவிட்டவர். ஆளைக் கண்டுபிடித்தபோது மூல நாடா கெட்டுப்போயிருந்தது. கடைசியில் ஷிம்கோவிட்ஸ் தெருவில் வாங்கிய அந்தக் கேசட்டிலிருந்தே எடுத்து 2015-இல் முறையாக வெளியிட்டார். லாபத்தில் பாதி கலைஞருக்கு என்பது அவருடைய லேபிளின் கணக்கு. அட்டா காக் அதன்பிறகு குழு சேர்த்துக்கொண்டு ஐரோப்பாவில் மேடை ஏறினார்.

இன்னொருவரும் அதே லேபிளில் இருக்கிறார். எத்தியோப்பியாவின் ஹைலு மெர்கியா. வாலியாஸ் குழுவோடு அமெரிக்காவுக்கு வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார். 1985-இல் அக்கார்டியன், மின்பியானோ, மூக் சிந்தசைஸர், டிரம் மெஷின் எல்லாவற்றையும் தனி ஆளாக வாசித்து ஒரு கேசட் பதிவு செய்தார். அதை ஷிம்கோவிட்ஸ் 2013-இல் எத்தியோப்பியாவின் பாஹிர் டாரில் கண்டெடுத்தபோது மெர்கியா வாஷிங்டனில் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தார். அங்குள்ள டலஸ் (Dulles) விமான நிலையத்தில் சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் காரில் வைத்திருக்கும் கீபோர்டை எடுத்து வாசிப்பாராம். ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு. அந்த வருடமே தட்டு வந்தது, அவர் மறுபடி மேடைக்கு வந்தார். அந்த அழைப்பைச் செய்யாமலே தட்டைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவருடைய இசைக்கு லண்டனில் யாரோ ஆடிக்கொண்டிருக்க, அவர் விமான நிலையத்தில் அடுத்த சவாரிக்குக் காத்திருந்திருப்பார்.

எல்லோரும் இப்படிக் கிடைத்துவிட மாட்டார்கள், கிடைத்தாலும் பேச மாட்டார்கள். அதுவும் நடந்திருக்கிறது. நைஜீரியாவின் எனுகுவில் வில்லியம் ஒன்யேபோர் எழுபதுகளின் கடைசியிலிருந்து 1985 வரை சிந்தசைஸரை வைத்துத் தானே தட்டுகள் போட்டார். பிறகு மத வாழ்க்கைக்குப் போய்விட்டார், பழைய இசையைப் பற்றிப் பேசவே மறுத்தார். லுவாகா பாப் லேபிள் வருடக்கணக்கில் அவரோடு பேசி அனுமதி வாங்கி, 2013-இல் தொகுப்பை வெளியிட்டது. தெரியாத வாழ்க்கையைக் கற்பனையால் நிரப்பவில்லை. வில்லியம் ஒன்யேபோர் யார் என்ற கேள்வியையே தொகுப்புக்குத் தலைப்பாக வைத்தார்கள். தெரியாததைத் தெரியாது என்று அட்டையிலேயே போட்ட அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவர் 2017-இல் காலமானார்.

என் மனதுக்கு எல்லாவற்றையும் விட நெருக்கமானது சரண்ஜித் சிங்கின் கதை. பம்பாயில் இந்திப் படங்களுக்கு வாசித்த ஸ்டூடியோ கலைஞர். கிடார், கீபோர்டு இரண்டும் கைவந்தவர். கல்யாணங்களுக்கும் ஆர்க்கெஸ்ட்ரா நடத்தினார். சிங்கப்பூர் போனபோது ரோலண்ட் நிறுவனத்தின் மூன்று கருவிகளை வாங்கி வந்தார்: ஜுபிடர் 8 சிந்தசைஸர், டிஆர் 808 டிரம் மெஷின், டிபி 303. இந்த 303, தனியாகப் பயிற்சி செய்யும் கிடார்காரர்களுக்கு பேஸ் வாசித்துக் கொடுப்பதற்காக 1981-இல் வந்த சின்ன வெள்ளி நிறப் பெட்டி. அந்த வேலைக்கு அது சரிப்படவில்லை, மூன்றே வருடத்தில் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். சிங் அதில் ராகங்களை ஏற்றினார். பத்து ராகங்கள், டிஸ்கோ தாளத்தில். 1982-இல் எச்எம்வி வெளியிட்டது. விற்கவில்லை.

ஐந்து வருடம் கழித்து, 1987-இல், சிகாகோவில் ஃபியூச்சர் என்ற குழுவின் "ஆசிட் டிராக்ஸ்" வந்தது. அவர்கள் கையிலும் அதே 303தான். பழைய சாமான்களோடு சாமானாக மலிவு விலைக்குக் கிடைத்த பெட்டி. ஆசிட் ஹவுஸ் என்ற ஆட்ட மின்னிசை வகை அங்கிருந்து பிறந்ததாகத்தான் எல்லோரும் எழுதினார்கள். 2002-இல் எடோ பவுமன் என்ற டச்சுக்காரர் டெல்லியில் ஒரு கடையில் சிங்கின் தட்டை வாங்கினார். அறைக்குப் போய்க் கேட்டவருக்கு வருடத்தை நம்ப முடியவில்லை. அவர் செய்த காரியத்தைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: மும்பைக்குப் போய், சரண்ஜித் சிங்கைத் தேடி, நேரில் சந்தித்தார். தன்னுடைய பாம்பே கனெக்‌ஷன் லேபிளில் 2010-இல் மறுவெளியீடு செய்தார்.

வெளிவந்ததும் என்ன நடந்தது? பொய் என்றார்கள். எவனோ ஐரோப்பிய மின்னிசைக்காரன் இப்போது பண்ணிவிட்டு இந்தியப் பெயர் ஒட்டியிருக்கிறான் என்று பேச்சு அடிபட்டது. ஒரு இந்திய ஸ்டூடியோ கலைஞர் 1982-இல் இதைச் செய்திருக்க முடியாது என்ற நினைப்பு அதற்குள் இருந்தது. அதை வாதாடி முடித்து வைக்கவில்லை. எழுபது வயதில் சிங்கே ஐரோப்பிய மேடைகளில் ஏறி, அந்தக் கருவிகளை வைத்து அந்த ராகங்களை வாசித்தார். அத்தோடு பேச்சு ஓய்ந்தது. 2015-இல் அவர் மறைந்தார். பவுமன் ஐந்து வருடம் தாமதித்திருந்தால், அல்லது ஆளைத் தேடாமல் தட்டை மட்டும் போட்டிருந்தால், அது இன்றுவரை ஒரு வதந்தியாகவே இருந்திருக்கும்.

அந்தத் தட்டை எங்கள் வீட்டில் போட்டபோது என் அம்மா சமையலறையிலிருந்து "யாருப்பா மோகனம் வாசிக்கிறது?" என்று கேட்டார். சிங் வாசித்த இந்துஸ்தானி ராகங்களில் பூபாளி நம்முடைய மோகனம்தான். மால்கவுன்ஸ் நம் இந்தோளம், கலாவதி நம் வலஜி. 303-இல் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்த ஸ்வரத்துக்கு வழுக்கிக்கொண்டு போக வசதி உண்டு. அதைக் கமகத்துக்கு மிக அருகில் கொண்டுபோயிருக்கிறார் சிங். இதை நான் எந்தத் தொகுப்பின் குறிப்பிலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அவர் யார், எங்கே என்ன வாசித்தவர் என்று தெரிந்ததால் காது தானாக அங்கே போனது. பெயரும் ஊரும் தெரிந்தால் இசை வேறு மாதிரி கேட்கிறது.

இன்னும் சரியாகச் சொன்னால், இந்த விஷயம் எனக்கு ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்பதற்கு எங்கள் ஊரிலேயே காரணம் இருக்கிறது. இளையராஜாவின் எழுபது, எண்பதுகளின் சிந்தசைஸர் பாடல்களை இங்கிலாந்தின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் லேபிளும், அதே பாம்பே கனெக்‌ஷனும் தொகுப்பாகப் போட்டிருக்கிறார்கள். சென்னையில் நாங்கள் டீக்கடையில் கேட்டு வளர்ந்ததை ஐரோப்பிய டிஜேக்கள் ஆடுகளத்தில் போடுகிறார்கள் என்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் எங்கள் பழைய தட்டுகளிலும் கேசட்டுகளிலும் இசையமைப்பாளர், பாடகர், பாடலாசிரியர் பெயர்கள் இருக்கும். வாசித்தவர்கள் பெயர் இருக்காது. கீபோர்டில் விஜி மானுவேல், தாளத்தில் புருஷோத்தமன், கிடாரில் சதானந்தம், பேஸில் சசிதரன் என்று எங்களுக்குத் தெரிவது ரசிகர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லித்தான். தெரியாத பெயர்கள் இன்னும் எத்தனையோ. அவர்களில் பலருக்கு வயதாகிவிட்டது, பலர் போய்விட்டார்கள். எங்கள் இசையை அடுத்து யார் தொகுத்தாலும் கோடம்பாக்கத்துக்கு ஒரு நடை வந்து, அன்று ரெக்கார்டிங் ஹாலில் உட்கார்ந்து வாசித்தவர்களில் இன்னும் இருப்பவர்களைப் பார்த்துக் கேட்டுவிட்டு அச்சிடுங்கள். உங்களுக்கு டீ வாங்கித் தர நூறு பேர் இருக்கிறோம்.

அடுத்தது தொகுப்போடு வரும் சிறு புத்தகம். நல்ல தொகுப்புகளுக்கு அதுவே பாதி உயிர். அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் 1969-இல் அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் டியூடர் ஒரு மூக் சிந்தசைஸரை நிறுவிக் கொடுத்தார். அதில் கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் செய்த பதிவுகள் அங்கேயே நாடாச் சுருள்களில் கிடந்தன. பிரிட்டிஷ் கலைஞர் பால் பர்காஸ் அவற்றைத் தேடியெடுத்து, 2023-இல் தொகுப்பாகக் கொண்டுவந்தார். ஆடுவதற்கான இசை இல்லை, ஆனால் தொகுப்பது எப்படி என்பதற்கு நான் காட்டும் உதாரணம் அது. ஐந்து பேரின் பெயரும் இருக்கிறது, எது யாருடையது என்று இருக்கிறது.

ஆனால் இதே தொகுப்புகள் இசை கேட்கும் செயலிகளுக்குப் போகும்போது அந்தப் புத்தகம் காணாமல் போகிறது. சின்னச் சதுரப் படம், பாட்டின் பெயர், கலைஞர் பெயர், நிமிடக் கணக்கு. நீங்கள் இரண்டு வருடம் அலைந்து எழுதியது எதுவும் அங்கே வருவதில்லை. என்னைப் போன்றவர்களுக்கு வெளிநாட்டுத் தட்டின் விலையும் தபால் கூலியும் சுங்கமும் சேர்ந்து ஒரு மாத வாடகையில் பாதி. நாங்கள் செயலியில்தான் கேட்கிறோம். அந்த எழுத்தை மட்டுமாவது உங்கள் இணையதளத்தில் எல்லோரும் படிக்கும்படி போட்டுவையுங்கள். பத்துப் பக்கத்துக்கு என்ன செலவாகிவிடப் போகிறது?

செயலியில் இருப்பதும் நிலையில்லை. ஒரு மிக்ஸில், அதாவது டிஜே பல பாட்டுகளை இடைவெளியில்லாமல் கோத்துத் தரும் பதிவில், இருபது பாட்டு இருந்தால் இருபது பேரிடம் உரிமம் வாங்க வேண்டும், அதுவும் பெரும்பாலும் குறிப்பிட்ட வருடங்களுக்குத்தான். கெடு முடிந்தால் மொத்த மிக்ஸும் எடுக்கப்பட்டுவிடும். நான் ஐந்து வருடமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேட்ட ஒரு தொகுப்பு ஒருநாள் சாம்பல் நிறத்துக்கு மாறியது. பெயர் தெரிந்தது, தொட்டால் ஒலிக்கவில்லை. லண்டனின் ஃபேப்ரிக் கிளப், இரண்டு வரிசைகளில் வரிசைக்கு நூறு தட்டு என்று 2018 வரை போட்டது. அவற்றைப் போன்ற நூற்றுக்கணக்கான தொகுப்புகள், எந்த இரவில் எந்த ஊர் எதற்கு ஆடியது என்பதற்கு இருக்கும் ஒரே சாட்சி. உரிமத்தைப் புதுப்பிக்க முடியாமல் ஒலியை எடுக்க நேர்ந்தால்கூடப் பட்டியலையும் குறிப்பையும் எடுக்காதீர்கள். யாரோ ஒருவர் ஏதோ ஒரு பாட்டைத் தேடிக்கொண்டு அந்தப் பக்கம் வருவார்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மிக்ஸுக்குள் இருக்கும் துண்டு துண்டான பாட்டுக்கெல்லாம் எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்று ரொம்ப நாள் சொல்லிவந்தார்கள். ஆப்பிள் மியூசிக் 2021-இல் ஷஸாம் நுட்பத்தை வைத்து, மிக்ஸுக்குள் இருக்கும் ஒவ்வொரு பாட்டையும் அடையாளம் கண்டு உரியவருக்குப் பங்கு கொடுக்க ஆரம்பித்தது. ஆக வழி இருக்கிறது. ஆனால் அந்தப் பங்கு போய்ச் சேர, உரியவர் யார் என்று எங்கோ எழுதியிருக்க வேண்டும். எனுகுவிலோ கேப் கோஸ்ட்டிலோ ஐம்பது கேசட் போட்டு நிறுத்திக்கொண்ட ஒருவரை எந்த மெஷினும் அடையாளம் காணாது. அவரை அடையாளம் காட்ட உங்களால்தான் முடியும்.

உங்கள் மேல் கோபம் இருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். நீங்கள் தேடாமல் இருந்திருந்தால் இவர்களில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரிந்திருக்காது. காஸ்மஸ் மகாயா என்ற பெயரைச் சென்னையில் ஒருவன் உச்சரிக்கிறான் என்றால் அது ஹெப்டனின் ரசனை செய்த வேலை. அந்த வேலையை இன்னும் ஒரு அடி கூடுதலாகச் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கடைசியாக ஓர் உதவி. அண்ணன் கொடுத்த அந்த சிடியின் கடைசி மூன்று பாட்டுகள் டிஜே கிக்ஸில் இல்லாதவை. யாரோ வேறெங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். இரண்டைக் கண்டுபிடித்துவிட்டேன். மூன்றாவது இன்னும் கிடைக்கவில்லை. ஏறக்குறைய ஏழு நிமிடம். டிரம் மெஷினின் கைதட்டல் ஒலியோடு தொடங்கும். பேஸ் இரண்டே ஸ்வரத்தில் போகும். இரண்டாவது நிமிடத்தில் ஒரு பெண் குரல், எனக்குப் புரியாத மொழியில் ஒரே சொல்லை நான்கு முறை சொல்லும், கடைசி முறை சிரித்துக்கொண்டே. ஐந்தாவது நிமிடத்தில் நாடா இழுபட்டது போல வேகம் ஒரு நொடி தளர்ந்து மீண்டும் நிமிரும். கேசட்டிலிருந்து எடுத்ததாகத்தான் இருக்க வேண்டும். எந்தச் செயலியாலும் அடையாளம் சொல்ல முடியவில்லை. உங்களில் யாராவது அதை ஆடுகளத்தில் போட்டிருக்கலாம், அலமாரியில் அந்தத் தட்டு இருக்கலாம். அந்தப் பெண் யார் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
சென்னையிலிருந்து உங்கள் ரசிகன்